கட்டியை எடுத்தாலும் ஏன் திரும்ப வருது? மூளை அறுவை சிகிச்சையின் தந்தை ஹார்வி குஷிங் விட்டுச்சென்ற கேள்வி

மூளையில் புற்றுநோய்க் கட்டி. பல மணி நேரம் ஆபரேஷன் செய்து டாக்டர்கள் அதை எடுத்துவிடுகிறார்கள். ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. குடும்பமே நிம்மதியாக வீடு திரும்புகிறது. ஆனால் சில மாதங்களில் அதே இடத்தில், அல்லது பக்கத்திலேயே, கட்டி மறுபடி தலைகாட்டுகிறது. ஏன் இப்படி?

இன்று உலகம் முழுக்க மூளைப் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் விடை தேடும் கேள்வி இது. அவர்களில் பலர் சந்தேகிப்பது 'புற்றுநோய் ஸ்டெம் செல்' என்ற ஒரு சிறு கூட்டத்தை. அந்தச் செல்களைக் குறிவைத்து அழித்தால் கட்டி திரும்ப வராது என்பது அவர்களின் நம்பிக்கை.

இந்தத் தேடலின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று சுமார் 100 ஆண்டுகளுக்கு முன், பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றில் இருக்கிறது. அங்கே இருந்தவர் ஹார்வி குஷிங். நவீன மூளை அறுவை சிகிச்சையின் தந்தை என்று மருத்துவ உலகம் இவரைத்தான் சொல்கிறது.

யார் இந்த ஹார்வி குஷிங்?

1869 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணம், கிளீவ்லாந்தில் பிறந்தார். வீட்டில் 10 பிள்ளைகள். இவர்தான் கடைக்குட்டி. அப்பா, தாத்தா எல்லோருமே டாக்டர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1895-ல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் படிப்பை முடித்தார்.

மாணவராக இருந்தபோது நடந்த ஒரு சம்பவம் இவரை உலுக்கிவிட்டது. அந்தக் காலத்தில் ஆபரேஷனுக்கு மயக்க மருந்தாக ஈதர் கொடுப்பார்கள். அந்த வேலையை மருத்துவ மாணவர்களிடமே விட்டுவிடுவது வழக்கம். அப்படி குஷிங் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி ஆபரேஷன் அரங்கிலேயே இறந்துபோனார். மருத்துவமே வேண்டாம் என்று விலகிவிடலாமா என யோசிக்கும் அளவுக்கு குஷிங் உடைந்துபோனார்.

விலகவில்லை. உடன் படித்த எர்னஸ்ட் காட்மனுடன் சேர்ந்து ஒரு காகிதத்தைத் தயாரித்தார். ஆபரேஷன் நடக்கும்போது நோயாளியின் நாடித்துடிப்பு எவ்வளவு, மூச்சு எவ்வளவு என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை குறித்துவைக்கும் அட்டவணை அது. இன்றைக்கு எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தாலும் மயக்க மருந்து டாக்டர் எழுதும் பதிவேட்டுக்கு முன்னோடி அதுதான்.

ரத்த அழுத்தக் கருவியும் இவர் கொண்டுவந்ததா?

அமெரிக்காவில் அது பரவியதற்கு இவர் முக்கியக் காரணம். பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற புகழ்பெற்ற சர்ஜனிடம் குஷிங் வேலை கற்றார். அவசரப்படாமல், திசுக்களைக் காயப்படுத்தாமல், ரத்தம் சிந்தவிடாமல் ஆபரேஷன் செய்வதுதான் ஹால்ஸ்டெட் பாணி. குஷிங் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

1900-ல் ஐரோப்பா சென்றார். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கரிடம் வேலை செய்தார். மூளைக்குள் அழுத்தம் ஏறினால் உடலின் ரத்த அழுத்தமும் ஏறும் என்று அங்கே சோதனைகளில் கண்டார். இன்றும் மருத்துவ மாணவர்கள் இதை 'குஷிங் எதிர்வினை' என்றுதான் படிக்கிறார்கள். இத்தாலியின் பாவியா நகரில், கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கும் ரிவா-ரோச்சி கருவியைப் பார்த்தார். 1901-ல் ஊர் திரும்பும்போது அந்த முறையையும் கையோடு கொண்டுவந்தார்.

அப்போது மூளை ஆபரேஷன் எப்படி இருந்தது?

பயங்கரமாக இருந்தது. ஸ்கேன் கிடையாது. ஆன்டிபயாடிக் கிடையாது. கட்டி எங்கே இருக்கிறது என்பதையே நோயாளியின் பார்வை, நடை, பேச்சு, கை கால் பலவீனம் இவற்றை வைத்து ஊகிக்க வேண்டும். மண்டை ஓட்டைத் திறந்தால் ரத்தப்போக்கு. கட்டுப்படுத்தினாலும் தொற்று. மூளைக்குள் கை வைக்கவே பெரும்பாலான சர்ஜன்கள் தயங்கினார்கள்.

குஷிங் இதற்கு ஒவ்வொன்றாக விடை தேடினார். மூளைக்குள் இருக்கும் ரத்தக்குழாயை நூலால் கட்டுவது கடினம். அதனால் குழாயை அழுத்திப் பிடிக்கும் சின்ன வெள்ளி கிளிப்பை 1911-ல் அறிமுகம் செய்தார். ஆபரேஷன் முடிந்ததும் தான் பார்த்ததை தானே படமாக வரைந்து வைத்தார். எடுத்த கட்டிகளைப் பாட்டிலில் பாதுகாத்தார். நோயாளிகளைப் புகைப்படம் எடுத்தார். அவர்கள் ஊருக்குப் போன பிறகும் கடிதம் எழுதி உடல்நிலையை விசாரித்தார்.

இந்தக் கடைசிப் பழக்கம் ரொம்ப முக்கியம். ஏன்னா, ஆபரேஷன் வெற்றியா என்பது தையல் பிரிக்கும் நாளில் தெரியாது. வருடக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் யாருக்குக் கட்டி திரும்பியது என்று தெரியும்.

1913-ல் திறக்கப்பட்ட பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் தலைமை சர்ஜனானார். மூளைக் கட்டி ஆபரேஷன் என்றால் நோயாளிகளில் பெரும் பங்கினர் இறந்துபோன காலத்தில், தன்னிடம் வந்தவர்களின் இறப்பு விகிதத்தை 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

17 ஆண்டுகள் கழித்துத் திரும்பிய கட்டி

1910-ல் குஷிங்கிடம் ஒரு பெரிய மனிதர் வந்தார். பெயர் லியோனார்டு வுட். டாக்டராக இருந்து அமெரிக்க ராணுவ ஜெனரலாக உயர்ந்தவர். மூளையை மூடியிருக்கும் உறையில் உருவாகும் 'மெனிஞ்சியோமா' என்ற கட்டி அவருக்கு இருந்தது. குஷிங் அதை எடுத்தார். வுட் நன்றாகத் தேறினார். ராணுவத்தின் உச்சப் பதவியில் இருந்தார். 1920-ல் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆகவும் போட்டியிட்டார். அடுத்த ஆண்டு பிலிப்பைன்ஸ் கவர்னர் ஜெனரல் ஆனார்.

ஆனால் கட்டி மீண்டும் வளர்ந்தது. 1927 ஆகஸ்டில் வுட் மறுபடி பாஸ்டன் வந்தார். குஷிங்கே மறுபடி ஆபரேஷன் செய்தார். இந்த முறை அவரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகஸ்ட் 7 அன்று வுட் இறந்தார். புகழின் உச்சியில் இருந்த குஷிங்கை மிகவும் பாதித்த மரணங்களில் இது ஒன்று.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. மெனிஞ்சியோமா பெரும்பாலும் மெதுவாக வளரும், புற்றுநோய் அல்லாத கட்டி. அதற்கு ஓரளவு தெளிவான எல்லை இருக்கும். அதிலேயே கொஞ்சம் மிச்சம் இருந்தால் திரும்ப வரும். 'கிளியோமா' வகைக் கட்டிகளுக்கு அந்த எல்லையே கிடையாது. மூளைத் திசுவுக்குள் வேர் விட்டதுபோல செல் செல்லாக ஊடுருவிப் போய்விடும். கண்ணுக்குத் தெரியும் கட்டி முழுவதையும் எடுத்தாலும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் உள்ளேயே இருக்கும்.

இதை இன்னும் கடுமையாகச் சோதித்துப் பார்த்தவர் வால்டர் டேண்டி. ஒருகாலத்தில் குஷிங்கிடம் வேலை செய்தவர், பிறகு கடும் போட்டியாளர். கிளியோமா நோயாளிகள் சிலருக்கு மூளையின் வலது பாதியையே எடுத்துவிட்டதாக 1928-ல் அறிவித்தார். பாதி மூளையை எடுத்தும் நோயை ஒழிக்க முடியவில்லை. கத்தியால் மட்டும் இந்த நோயை வெல்ல முடியாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

1926: ஒரே ஆண்டில் எல்லாம்

குஷிங் வாழ்க்கையில் 1926 தனித்து நிற்கும் ஆண்டு. தன் குருநாதர் போன்ற வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை அவர் எழுதியிருந்தார். அதற்கு அந்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஜூன் மாதம் பேரிடி. யேலில் படித்துக்கொண்டிருந்த மூத்த மகன் வில்லியம் கார் விபத்தில் இறந்தார். காலையில் செய்தி வந்தது. குஷிங் மனைவியிடம் சொல்லிவிட்டு, ஏற்கெனவே தேதி குறித்திருந்த ஆபரேஷனைச் செய்யப் போனார். கடமை என்று சிலர் இதைப் பாராட்டுவார்கள். கல்நெஞ்சம் என்று சிலர் சொல்வார்கள். வீட்டைவிட மருத்துவமனையிலேயே அதிக நேரம் இருந்தவர், உடன் வேலை செய்தவர்களிடம் கடுமையாக நடந்துகொண்டவர் என்ற விமர்சனமும் அவர் மீது எப்போதும் உண்டு.

அக்டோபர் 1 அன்று, வில்லியம் போவி என்ற விஞ்ஞானி உருவாக்கிய மின்சாரக் கருவியை ஆபரேஷனில் பயன்படுத்தினார். மின்சாரத்தால் திசுவை வெட்டும், ரத்தக்குழாயையும் அடைக்கும். ரத்தப்போக்குக்குப் பயந்து முன்பு தொடாமல் விட்ட நோயாளிகளை குஷிங் திரும்ப அழைத்தார். இன்றும் ஆபரேஷன் தியேட்டர்களில் அந்தக் கருவியை 'போவி' என்றே அழைப்பவர்கள் உண்டு.

அதே ஆண்டில்தான் இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமான அந்தப் புத்தகமும் வந்தது.

கட்டி எந்தச் செல்லில் இருந்து வந்தது?

பெர்சிவல் பெய்லி என்ற இளம் டாக்டர் குஷிங்கிடம் வேலை செய்தார். பல ஆண்டுகளாக குஷிங் சேர்த்துவைத்த நூற்றுக்கணக்கான கிளியோமா கட்டிகளை எடுத்து, உலோகச் சாயங்கள் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

பெய்லி பார்த்தது இதுதான். கருவில் மூளை உருவாகும்போது, ஆரம்பத்தில் இருப்பவை எந்த வேலையும் கற்காத இளம் செல்கள். அவை படிப்படியாக முதிர்ந்து நரம்பு செல்களாகவும், நரம்புகளுக்குத் துணை நிற்கும் செல்களாகவும் மாறுகின்றன. கட்டிகளில் உள்ள செல்களும் இந்தப் படிகளில் ஏதோ ஒன்றை ஒத்திருந்தன. இளம் செல்லை ஒத்திருந்தால் கட்டி வேகமாக வளர்ந்தது. முதிர்ந்த செல்லை ஒத்திருந்தால் நோயாளி அதிக நாள் வாழ்ந்தார்.

குஷிங் வருடக்கணக்கில் நோயாளிகளைப் பின்தொடர்ந்து வைத்திருந்ததால்தான் இந்த ஒப்பீடு சாத்தியமானது. யார் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்ற கணக்கு அவர் பதிவேட்டில் இருந்தது. இருவரும் சேர்ந்து 1926-ல் வெளியிட்ட கிளியோமா வகைப்பாடு, மூளைக் கட்டிகளை உலகம் பார்த்த விதத்தையே மாற்றியது.

குழந்தைகளின் சிறுமூளையில் வரும் ஒரு கொடிய கட்டிக்கு 1925-ல் 'மெடுல்லோபிளாஸ்டோமா' என்று பெயர் வைத்தவர்களும் இவர்கள்தான். 'மெடுல்லோபிளாஸ்ட்' என்று ஒரு இளம் செல் இருக்க வேண்டும், அதிலிருந்துதான் இந்தக் கட்டி வருகிறது என்று கருதினார்கள். அந்தப் பெயரில் அப்படி ஒரு செல்லை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும், சிறுமூளையில் முதிராத செல்களில் இருந்து இந்தக் கட்டிகள் தொடங்குகின்றன என்பது பின்னாளில் உறுதியானது. செல்லின் பெயர் தவறு, யோசனை சரி!

குஷிங் இந்தக் குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு எக்ஸ்ரே கதிர்வீச்சும் கொடுத்துப் பார்த்தார். கட்டி சுருங்கியது. ஆனால் பெரும்பாலும் திரும்பி வந்தது. சில ஆண்டுகள் தாண்டி வாழ்ந்தவர்கள் மிகச் சிலரே.

சரி, புற்றுநோய் ஸ்டெம் செல் என்றால் என்ன?

ஒரு தேனீக் கூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களைக் கொன்றாலும் ராணித் தேனீ இருந்தால் கூடு மறுபடி நிரம்பும். கட்டியிலும் அப்படித்தான் என்கிறது இந்தக் கோட்பாடு. கட்டியின் எல்லாச் செல்களும் சமம் கிடையாது. ஒரு சிறு கூட்டம் மட்டும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு, முழுக் கட்டியையும் மறுபடி உருவாக்கும் சக்தி கொண்டது. அதுதான் புற்றுநோய் ஸ்டெம் செல்.

கனடாவின் டொரான்டோ நகரில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. மனித மூளைக் கட்டிகளில் இருந்து, மேற்பரப்பில் 'சிடி133' என்ற புரதம் கொண்ட செல்களைத் தனியாகப் பிரித்தார்கள். அவற்றில் வெறும் 100 செல்களை எலியின் மூளையில் செலுத்தியபோது புதிய கட்டி உருவானது. அந்தப் புரதம் இல்லாத செல்களை 1 லட்சம் செலுத்தியும் கட்டி உருவாகவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட கட்டிகளில் குஷிங்கும் பெய்லியும் பெயர் வைத்த மெடுல்லோபிளாஸ்டோமாவும் உண்டு.

2006-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜெரமி ரிச் குழு இன்னொன்றைக் காட்டியது. கதிர்வீச்சால் டி.என்.ஏ. சேதமானால் இந்தச் செல்கள் மற்ற செல்களைவிட நன்றாகப் பழுதுபார்த்துக்கொள்கின்றன. 2012-ல் டெக்சாஸில் லூயிஸ் பராடா குழு எலிகளில் செய்த ஆய்வும் முக்கியமானது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களைக் கொன்றது. தூங்கிக்கொண்டிருந்த ஒரு சிறு கூட்டம் தப்பியது. அதிலிருந்து கட்டி மறுபடி வளர்ந்தது. மருந்தோடு அந்தக் கூட்டத்தையும் சேர்த்து அழித்தபோது கட்டியின் வளர்ச்சி தடைபட்டது.

அப்போ மருந்து வந்துவிட்டதா?

இன்னும் இல்லை. பெரியவர்களுக்கு வரும் மிகக் கொடிய மூளைப் புற்றுநோய் 'கிளியோபிளாஸ்டோமா'. அதற்கு இன்றும் ஆபரேஷன், கதிர்வீச்சு, டெமோசோலோமைடு மாத்திரை ஆகியவைதான் அடிப்படைச் சிகிச்சை. 2005-ல் வந்த பெரிய ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் சராசரி ஆயுள் 12.1 மாதம். மாத்திரையும் சேர்த்தபோது 14.6 மாதம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஸ்டெம் செல்களைக் குறிவைக்க மூன்று வழிகளில் முயற்சி நடக்கிறது:

1. அந்தச் செல்களுக்கு 'வளர்ந்துகொண்டே இரு' என்று கட்டளையிடும் ரசாயன சிக்னலைத் துண்டிப்பது. மெடுல்லோபிளாஸ்டோமா முற்றிய 26 வயது இளைஞர் ஒருவருக்கு இப்படி ஒரு மருந்து கொடுக்கப்பட்டது 2009-ல் பதிவாகியிருக்கிறது. கட்டிகள் வேகமாகச் சுருங்கின. ஆனால் விரைவிலேயே மருந்துக்குப் பழகி, திரும்பி வந்தன.

2. இளம் செல்லை வற்புறுத்தி முதிரவைப்பது. முதிர்ந்துவிட்டால் கட்டியை உருவாக்கும் சக்தி போய்விடும். எலிகளில் பலன் தெரிந்தது. மனிதர்களிடம் ஆரம்பக்கட்டத்தில்தான் இருக்கிறது.

3. நோயாளியின் நோய் எதிர்ப்பு செல்களையே எடுத்து, பயிற்சி கொடுத்து, மூளைக்குள் அனுப்புவது. 'கார்-டி செல்' சிகிச்சை என்று பெயர். 2016-ல் கலிஃபோர்னியாவில் கிளியோபிளாஸ்டோமா நோயாளி ஒருவருக்குக் கட்டிகள் மறைந்தன. சுமார் ஏழரை மாதம் அந்த நிலை நீடித்தது. பிறகு வேறு இடங்களில் நோய் திரும்பியது.

எங்கே சிக்கல்? முதலில், சிடி133 ஒரு நம்பகமான அடையாள அட்டை இல்லை. அது இல்லாத செல்களும் கட்டியை உருவாக்குவதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இரண்டாவது, சாதாரணக் கட்டி செல்லே தேவைப்பட்டால் ஸ்டெம் செல்லாக மாறிக்கொள்ளும். ராணித் தேனீயைக் கொன்றால் வேலைக்காரத் தேனீக்கள் புதிய ராணியை வளர்த்துக்கொள்ளும் கதைதான். மூன்றாவது, நம்ம மூளையின் நல்ல ஸ்டெம் செல்களும் இதே சிக்னல்களைத்தான் பயன்படுத்துகின்றன. கெட்டதை அடித்தால் நல்லதுக்கும் அடி விழும். வளரும் குழந்தைகளுக்கு இது பெரிய ஆபத்து.

ஒரு எச்சரிக்கையும் தேவை. 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்று விளம்பரம் செய்யும் கிளினிக்குகளுக்கும் இந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை. அங்கே ஸ்டெம் செல்லை உடம்புக்குள் செலுத்துகிறார்கள். இங்கே கட்டியின் ஸ்டெம் செல்லை அழிக்கப் பார்க்கிறார்கள். இரண்டும் நேர் எதிர். மூளைக் கட்டி நோயாளிக்கு யாராவது ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்று சொன்னால், சிகிச்சை தரும் புற்றுநோய் டாக்டரிடம் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நல்ல செய்தியும் இருக்கிறது. குஷிங் காலத்தில் ஏறக்குறைய மரண தண்டனையாக இருந்த மெடுல்லோபிளாஸ்டோமாவில், இன்று நவீன சிகிச்சை கிடைக்கும் குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேர் 5 ஆண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள். ஆபரேஷன், கதிர்வீச்சு, கீமோ மூன்றும் சேர்ந்து தந்த பலன் இது. கட்டி எந்த வகைச் செல்லில் இருந்து வந்தது என்று பார்த்து சிகிச்சையின் கடுமையைக் கூட்டிக் குறைப்பதும் இப்போது தொடங்கிவிட்டது.

குஷிங்கின் கடைசி ஆண்டுகள்

1931 ஏப்ரல் 15 அன்று குஷிங் தன் 2000-வது மூளைக் கட்டி ஆபரேஷனைச் செய்தார். அடுத்த ஆண்டு பாஸ்டன் மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றார். பிட்யூட்டரி சுரப்பிக் கட்டியால் முகம் வீங்கி, உடல் பருத்து, ரத்த அழுத்தம் ஏறும் நோயை விவரித்ததும் 1932-ல்தான். அதுவும் இன்று அவர் பெயரிலேயே 'குஷிங் நோய்' என்று அழைக்கப்படுகிறது. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டார். ஒருமுறையும் கிடைக்கவில்லை.

முதல் உலகப் போரில் பிரான்ஸில் காயமடைந்த வீரர்களுக்கு ஆபரேஷன் செய்த நாட்களில் வந்த ஒரு நரம்பு நோய் அவர் கால்களைப் பலவீனமாக்கியிருந்தது. விடாத சிகரெட் பழக்கம் காலின் ரத்தக்குழாய்களை மேலும் கெடுத்தது. கடைசி ஆண்டுகளில் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1939 அக்டோபர் 7 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 70.

பிரேதப் பரிசோதனையில் ஒன்று தெரியவந்தது. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மூளைக் கட்டிகளைத் தேடிய குஷிங்கின் மூளைக்குள்ளேயே சுமார் 1 சென்டிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி இருந்தது. புற்றுநோய் இல்லை. அவர் உயிரோடு இருந்தவரை அது யாருக்கும் தெரியாது.

அவர் சேர்த்த கட்டிகள், புகைப்படங்கள், நோயாளிக் குறிப்புகள் யேல் வளாகத்தின் ஒரு நிலவறையில் பல ஆண்டுகள் தூசி படிந்து கிடந்தன. பின்னர் சுத்தம் செய்யப்பட்டு, 2010-ல் குஷிங் மையமாகத் திறக்கப்பட்டன. லியோனார்டு வுட்டின் மூளையும் யேலில்தான் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அந்த மையத்தில் வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான கண்ணாடிப் பாட்டில்களில் இருப்பவை, குஷிங் எடுத்த கட்டிகள். அவர் எடுக்க முடியாமல் விட்ட அந்தச் சில செல்களைத் தேடும் வேலைதான் இன்று ஆய்வகங்களில் தொடர்கிறது.